குப்புறப் போட்ட அண்ணாச்சி

பிப்ரவரி 3, செவ்வாய்

கூண்டுகளைக் கழுவியாகிவிட்டது. நாளைக் காலையிலிருந்து ஹீட்டர் ஓட வேண்டும். வியாழக்கிழமை குஞ்சுகள் வருகின்றன, பொரித்து ஒரு நாள்கூட ஆகாதவை. இந்தப் பண்ணையில் இதுவரை தரையில் உமியைப் பரப்பித்தான் குஞ்சு வளர்த்தார்கள். முதல்முறையாகக் கம்பிக் கூண்டில், மூன்று அடுக்கில் வளர்க்கப்போகிறோம். "போகிறோம்" என்ன, நான்தான். சரியாக வந்தால் மற்றக் கொட்டகைகளுக்கும் கூண்டு. வராவிட்டால் "கூண்டு பழைய இரும்புக்கடைக்கு, நீரு ஓசூருக்கு" என்று முதலாளி ஆறுமுகச்சாமி அண்ணாச்சி தெளிவாகச் சொல்லிவிட்டார். ஓசூரில் நான் கோழி வளர்ப்பு படித்ததோடு சரி. அங்கே யாரும் எனக்கு வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

கம்பி வலைமேல் குஞ்சுக்குக் கால் நிற்காது. முதல் வாரம் தாள் விரிக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக. தினமும் காலையில் எச்சம் படிந்த மேல்தாளை உருவினால் அடியில் சுத்தமான தாள் இருக்கும். இவ்வளவுதான் விஷயம். பழைய நியூஸ்பேப்பர் வாங்கச் சொல்லி சூப்பர்வைசர் இசக்கித்துரையை அனுப்பினேன். வேனில் வந்து இறங்கியது அண்ணாச்சி.

அதாவது, அவருடைய போஸ்டர். கட்டுக் கட்டாக.

ஞாயிற்றுக்கிழமை வட்டாரப் பண்ணையாளர் சங்கத் தலைவர் தேர்தல். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். போஸ்டர் மட்டும் ஒரு பாராளுமன்றத் தொகுதிக்குக் காணும். "முட்டையின் முகவரியே! தலைமையேற்க வா!" அண்ணாச்சி கைகூப்பிச் சிரிக்கிறார். பின்னால் சேவல். முட்டைப் பண்ணைக்காரருக்கு எதற்கையா சேவல்?

"கோழி கம்பீரமா இருக்காதுல்லா" என்றார் இசக்கித்துரை. "மிச்சத்த வீணாக்காம விரிக்கச் சொன்னாவ."

தொட்டுப் பார்த்தேன். முகம் இருக்கிற பக்கம் வழவழவென்று இருக்கிறது, பின்பக்கம் சொரசொரப்பு. சரி, பின்பக்கம் மேலே வரும்படி விரியுங்கள் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதாதா?

பிப்ரவரி 5, வியாழன்

குஞ்சுகள் வந்துவிட்டன. சூடு மேலே நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் மேல் அடுக்குகளில் விட்டோம். கூண்டுக்குச் சில குஞ்சுகளின் அலகைப் பிடித்துத் தண்ணீர் வரும் நிப்பிளில் தொட்டுக் காட்ட வேண்டும். ஒன்று குடித்தால் மற்றவை பார்த்துக் குடிக்கும்.

"எம் பிள்ளைகளுக்கு வாத்திமார்கூட இப்பிடிக் கையப் பிடிச்சு சொல்லித் தரல" என்றாள் முத்துத்தாய் அக்கா. கொட்டகையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவள்தான் தலைவி. சங்கத் தேர்தலில் நின்றால் ஜெயிப்பாள்.

வாசலில் கிருமிநாசினித் தொட்டி. காலை நனைத்துவிட்டு வரவும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி செருப்பை வெளியே கழற்றினார், குனிந்தார், விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே வந்தார். கிருமிக்கு மோட்சம்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் மேல்தாளை உருவினார்கள். அடியிலிருந்து அண்ணாச்சி சிரிக்கிறார். கூண்டுக்குக் கூண்டு, வரிசையாக. எல்லாம் வழவழப்பு மேலே!

கத்திவிட்டேன். "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"மேல் தாள நீங்க சொன்னபடிதான சார் போட்டோம்" என்றாள் முத்துத்தாய் அக்கா, கொஞ்சமும் பதறாமல். "நீங்க பாத்தியள்லா. அடியில உள்ளதுக்கு மனசு வரல. உசிரோட இருக்க மனுசர் மொகத்தக் குப்புறப் போடலாமா? அதுவும் எலெக்‌ஷன் நேரத்துல!"

"அவர் முகத்துல கோழி பேளலாமா?"

"அது கோழி செய்யது. நாமளா செய்யுதோம்?"

நாளைக் காலைக்குள் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஹீட்டரைப் பார்க்கப் போய்விட்டேன். ஒன்று அணைந்து அணைந்து எரிகிறது.

பிப்ரவரி 7, சனி

திருப்பவில்லை. குஞ்சுகளுக்குக் கால் விரிய ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சியின் கன்னத்தில் ஏறி நிற்கப் பார்க்கின்றன, இரண்டு காலும் இரண்டு பக்கமாக வழுக்கி வயிறு தரையில் படுகிறது. மறுபடி எழுகின்றன, மறுபடி வழுக்குகின்றன. தண்ணீர் எட்டவில்லை. இப்படியே விட்டால் காலும் நேராகாது, குஞ்சும் தேறாது. என் வேலையும்.

நியூஸ்பேப்பராவது வாங்கித் தாருங்கள் என்று அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பிரச்சார வண்டிச் சத்தம்.

"என்னவே, பேப்பருக்கு என்ன கொறச்சல்?"

"போஸ்டர் வழுக்குது அண்ணாச்சி."

"என் மூஞ்சி வழுக்குதுங்கீரா?"

வைத்துவிட்டார். இசக்கித்துரை பக்கத்தில் நின்று, "தரையில உமியப் போட்டிருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்" என்று காற்றிடம் சொன்னார்.

நானே திருப்பினேன். ஒவ்வொரு கூண்டாகக் குஞ்சுகளை எடுத்து, தாளைப் பூராவும் புரட்டி, மறுபடி உள்ளே விட்டு. முத்துத்தாய் அக்கா குஞ்சுகளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள், போஸ்டரை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு தடவை நான் புரட்டும்போதும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாட்சி சொல்ல வேண்டிவந்தால் பார்க்கவில்லை என்று சொல்லலாமே.

கால் விரிந்தவற்றைத் தனிக் கூண்டில் சாக்கு விரித்து விட்டேன். எங்கள் தெருத் தறிக்கூடத்தில் கழிவு நூல் வாங்கிவந்து, கால்கள் விலகாதபடி, நடக்க மட்டும் இடைவெளி விட்டுக் கட்டினேன். முதுகு போய்விட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணாச்சி தோற்றுவிட்டார். போச்சு!

பிப்ரவரி 9, திங்கள்

கேட்டில் நுழையும்போதே இசக்கித்துரை. "நாந்தான் அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன், நீரு நேத்தைக்கு முந்தின நாளே கவுத்துட்டீர்னு."

"ஓட்டுப் போட்டவன் எவனாவது அந்தக் கூண்டுக்குள்ள இருந்தானாய்யா?"

"அதெல்லாம் தெரியாது. நிமிந்து இருந்த வரைக்கும் ஜெயிக்கற மாதிரி இருந்துச்சு."

பண்ணை முழுக்க இதே பேச்சு. டீ கொண்டுவருகிறவன்கூட எனக்குக் கடைசியில்தான் ஊற்றினான். எதிர்த்து நின்ற வாசுதேவநல்லூர்க்காரர் எல்லா ஓட்டையும் பேசி முடித்து ஒரு மாதம் ஆகிறது, ஊருக்கே தெரியும். ஆனாலும் குற்றவாளி நான்.

பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி கசங்கியிருந்தது. தொட்டிக்கு வந்தவர் செருப்போடு இரண்டு காலையும் வைத்து நின்றார். எழுதியிருந்ததைப் படித்துத்தான் செய்தாரா, தெரியாமல் இறங்கிவிட்டாரா, எனக்கு விளங்கவில்லை.

குஞ்சுகள் கூண்டு முழுக்கச் சீராகப் பரவி இருந்தன. ஓரிடத்தில் குமியவில்லை, மூச்சு வாங்கவில்லை. கால் கட்டிய குஞ்சுகளில் சில செத்துவிட்டன, மற்றவை கட்டோடு தத்தித் தத்தித் தண்ணீருக்கு ஓடின. இவ்வளவையும் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எங்கவே என் படம்?"

காட்டினேன். கூண்டுக் கதவைத் திறந்து, எச்சம் அப்பிய தாளின் ஓரத்தைத் தானே தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் கைகூப்பிய முகம், ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல். இன்னொரு கூண்டைத் திறந்தார். அதிலும் அப்படியே. பிறகு மூலையில், முந்தின நாட்களில் உருவிப்போட்ட தாள்களைப் பார்த்தார். அதில் முகம் எது, எச்சம் எது என்று பிரிக்க முடியாது. அதை யார் நிமிர்த்திப் போட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. இசக்கித்துரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பயலும் கையப் பிடிச்சு, 'ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டு அங்கன போய்க் குத்திட்டானுவ" என்றார். "நீரு ஒரு ஆளு, கவுத்துப் போட்டாலும் மூஞ்சில அழுக்குப் படாம வச்சிருக்கீரு."

கூண்டுக் கதவைச் சாத்தினார். "மத்தக் கொட்டகைக்கும் கூண்டு சொல்லிருவே."

அடுக்கு வெப்பநிலை, இடப்பரப்பு, காற்றோட்டம், எதையும் கேட்கவில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குத் தாள் பையிலேயே இருக்கிறது. முடிவு சரி, காரணம் மட்டும் இப்படி! வாயை மூடிக்கொண்டேன். நானா? ஆமாம், நானேதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

தாள்களை எடுத்தாயிற்று. கால் கட்டுகளும் அவிழ்த்தாயிற்று. இனி குஞ்சுகள் கம்பியிலேயே நிற்கும்.

மார்ச் 2, திங்கள்

குஞ்சுகளைக் கீழ் அடுக்குக்கும் பிரித்துவிட்டோம். பார்க்க வந்தவர்களிடம் இசக்கித்துரை, "கூண்டுல வளத்தாத்தான் குஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உமி என்ற சொல்லையே அறியாதவர் மாதிரி.

ஏப்ரல் 16, வியாழன்

சனிக்கிழமை அடுத்த குஞ்சுகள் வருகின்றன, புதுக் கூண்டுக்கு. வேனில் மறுபடி போஸ்டர் கட்டுகள். வாசுதேவநல்லூர்க்காரர் அண்ணாச்சியைச் சங்கத்தின் கௌரவ ஆலோசகர் ஆக்கிவிட்டாராம். அதற்கு நன்றி, சித்திரைத் திருநாள் வாழ்த்து எல்லாம் சேர்த்து ஒரே போஸ்டர். பின்னால் அதே சேவல். கீழே ஓரத்தில், ஒரு வட்டத்துக்குள் நான். "கூண்டுப் புயல் கோமதிசங்கர்." படத்தை எங்கே பிடித்தார்கள் என்று தெரியவில்லை. தலை நன்றாக வாரியிருக்கிறது.

முத்துத்தாய் அக்கா விரிக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே முதல் தாளிலிருந்து குப்புற.

"எல்லாத்தையும் இப்பிடித்தான சார்?"

"இப்படித்தான்" என்றேன்.

ஒரு தாளை என் பக்கம் தூக்கிக் காட்டினாள். "இதுல நீங்களும் இருக்கியளே."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்." குப்புறப் போட்டாள். உள்ளங்கையால் நன்றாக அழுத்தியும் விட்டாள்.

அடுத்த கூண்டுக்குப் போவதற்குள் இசக்கித்துரையைக் கூப்பிட்டு, சங்கரன்கோவிலில் எந்தக் கடையிலாவது பழைய நியூஸ்பேப்பர் கிடைக்கிற மட்டும் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். போஸ்டர்கள் ஸ்டோர் ரூமில் நனையாமல் இருக்கின்றன. நியூஸ்பேப்பர்தான் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். வேறு காரணம் எதுவும் இல்லை.