மூன்று முறை காற்றில்

ஜூன் 9, திங்கள்

மகள் ஸ்வர்ணா வீட்டுக்கு வந்து மூன்று நாள், ஆஸ்பத்திரியிலிருந்து. காலையில் இட்லி ஒன்றரை. வலிப்புக்கான சிரப் இரண்டு வேளையும் துப்பாமல் குடித்தாள். எதிர்வீட்டு விசைத்தறி ஓடத் தொடங்கியதும் அதற்கேற்ப ஆடினாள். நான்கு வயது, எதற்கும் ஆடுவாள்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே பீரோவின் மேல்தட்டில். மறுபடி வலிப்பு வந்தால் இரண்டு மூக்கிலும் ஒவ்வோர் அமுக்கு. நர்ஸ் தமிழ்வாணி சொன்னது அவ்வளவுதான்.

ஜூன் 10

ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதி வைப்பதில் இவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 13, வெள்ளி

ஐ.சி.யூ. வாசலில் எழுதுகிறேன்.

நேற்று மாலை ஐந்தேகாலுக்கு வந்தது. ஸ்பிரேயை எடுத்து வலது மூக்கில் அமுக்கினேன். இடது மூக்கில் அமுக்கினேன். டக், டக். மருந்து உள்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். வலிப்பு நிற்கவில்லை. என் கணவர் ஹரிஷ் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துப் பொத்திப் பிடித்தார். இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று எங்கள் தெருவில் யாரும் கற்றுத்தராமலே எல்லோருக்கும் தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வீட்டில் எங்கள் பேச்சு சௌராஷ்டிரம். நேற்று அவரிடம் எந்த மொழியில் கத்தினேன் என்று நினைவில்லை. ஆட்டோ, செல்லூர் சந்து, நெரிசல். ஊசி போட்டு நிறுத்துவதற்குள் பதினெட்டு நிமிடம்.

டியூட்டி டாக்டர் ஸ்பிரேயை வாங்கிப் பார்த்தார். "புது பாட்டில். மூணு தடவை காத்துல அமுக்கி, புகை மாதிரி வந்த பெறகுதான் மூக்குல வைக்கணும். சொல்லலையா?"

"சொல்லலை."

கோப்பைப் புரட்டி ஒரு தாளைக் காட்டினார். 'வீட்டுப் பராமரிப்பு முறைகள் அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன.' அடியில் என் கையெழுத்து.

"போட்ருக்கீங்களேம்மா."

எந்தப் புத்தகத்தையும் அச்சகத்தின் பெயர் வரை படிக்கிறவள் நான். ஸ்பிரேயின் பெட்டியும் உள்ளிருந்த தாளும் கையில் கிடைத்திருந்தால் படித்திருப்பேன். "பெட்டி எதுக்குக்கா, அடைசல்" என்று வார்டிலேயே குப்பையில் போட்டாள் அவள்.

தமிழ்வாணி. பெயரை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்த தடம் கன்றியிருக்கிறது. இவள் விழித்தால் கோபம் தணியும் என்று நினைத்திருந்தேன். தணியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஐ.சி.யூ.விலிருந்து அதே பழைய வார்டுக்கு மாற்றினார்கள். தமிழ்வாணி வந்து, "என்னக்கா, பாப்பா திரும்பி வந்துருச்சா?" என்றாள், விருந்தாளியைக் கேட்பது போல. நான் சிரித்தேன். எனக்கு இவ்வளவு நன்றாகப் பொய்யாய்ச் சிரிக்க வரும் என்று இன்றுதான் தெரியும்.

இன்று ஐந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாள். கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதிகபட்சம் நான்கு நிமிடம். ஐந்து பேரிடமும் முதலில் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினாள். பேனா கையில் இருக்கிறவர் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லையே.

ஜூன் 18, புதன்

புகார் எழுதி முடித்தேன். நான்கு பக்கம். அவள் பெயர் பதினோரு இடத்தில். அவள் வேலை போக வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். நீதிக்காக என்று இங்கேயுமா பொய் சொல்வது?

அடுத்த கட்டில் செல்லக்கிளி, வாடிப்பட்டி. பரவை மார்க்கெட்டில் காய் விற்கிறவள். மகன் முத்திருளனுக்கும் வலிப்பு, அதே ஸ்பிரே. நாளை வீட்டுக்குப் போகிறார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"இம்புட்டுப் பாடும் அந்த மூணு அமுக்குக்கா?"

"சொல்லித் தராம கையெழுத்துப் போடாதீங்கக்கா."

"தங்கச்சி, கால் கிலோ கத்திரிக்கா வாங்குறவன் காம்பத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். நான் புள்ளைய வாங்கிட்டுப் போறேன். சும்மா போட்ருவனா?"

ஜூன் 19, வியாழன்

வரிசையாக எழுத வேண்டும். 

காலையில் புகாரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து மணிக்குத் தமிழ்வாணி பேனாவை நீட்டினாள். செல்லக்கிளி வாங்கவில்லை. "மொதல்ல இதை எப்பிடி அடிக்கணும்னு காட்டுத்தா."

தமிழ்வாணி புது பாட்டிலை நேராகப் பையனின் மூக்குக்குக் கொண்டுபோனாள். "இப்பிடி வச்சு ஒரு அமுக்கு."

"காத்துல அமுக்க வேணாமா?"

"காத்துலயா? எதுக்கு?"

தமிழ்வாணிக்கே தெரியாது. என் பெண் ஐ.சி.யூ.வில் கிடந்து ஒரு வாரம் ஆகிறது. என்னிடம் கையெழுத்தைக் காட்டியவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நிர்வாக மேலாளர் அழைத்தார். தமிழ்வாணி கதவோரம் நின்றிருந்தாள். என்னை உட்காரச் சொல்லி, முதலில் பேனாவைக் கையில் கொடுத்தார். பிறகு பேசினார்.

"இந்த ஸ்டாஃப இன்னைக்கே அனுப்பிர்றோம் மேடம். இதுல ஒரு சைன் மட்டும்."

'என் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.'

"முப்பது கட்டிலுக்கு ரெண்டு பேரு சார்," என்றாள் தமிழ்வாணி. "ஸ்பிரே பத்தி எனக்கு யாருமே சொல்லித் தரலை."

அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "ட்ரெயினிங் சீட்டுல நீ சைன் போட்ருக்கியேம்மா."

பேனாவைக் கீழே வைத்தேன். இரக்கம் இல்லை — அவள் மேல் இன்னும் இல்லை. ஆனால் அவளை அனுப்பிவிட்டால் இந்த ஆள் தப்பித்துவிடுவார்.

"அவங்க இங்கயே இருக்கணும். நாளைக்கு வார்டுல எல்லா அம்மாக்கள் முன்னாடியும் இதைச் செஞ்சு காட்டணும். நீங்களும் வரணும். அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் செய்து காட்டினார். ஒவ்வொரு தாயையும் அமுக்கச் சொன்னார். தமிழ்வாணியும் அமுக்கினாள். இதற்காகவே ஒரு நாள் கூடத் தங்கிய செல்லக்கிளி, பின்னால் நின்ற மேலாளரிடம் ஒரு புது பாட்டிலை நீட்டினாள். "சாரு, நீங்களும் ஒருக்கா."

போனில் இருந்தவர் பாராமல் வாங்கி ஒரே அமுக்கு. டக். ஒன்றும் வரவில்லை.

"பாத்தீகளா, சாரு புள்ளைக்கு வலிப்பு நிக்கல."

வார்டே சிரித்தது. அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். இனித்தது. கையெழுத்துப் போடவில்லை. தாளைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

பரிசோதனைக்குப் போனோம். வார்டு வாசலில் நின்று பார்த்தேன். தமிழ்வாணியின் பேனா சட்டைப்பையில் இருந்தது. ஒரு தாய் காற்றில் மூன்று முறை அமுக்கிக் காட்டிய பிறகுதான் அந்தப் பேனாவை வெளியே எடுத்தாள். பெட்டியையும் கொடுத்தனுப்பினாள். என்னைக் கண்டு தலையசைத்தாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாலை ஆறு நாற்பதுக்கு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். காற்றில் ஒன்று, இரண்டு, மூன்றாவதில் புகை. வலது. இடது. ஹரிஷ் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். சாவிக்கொத்து ஆணியிலேயே தொங்கியது. இரண்டு நிமிடம் பத்து நொடியில் நின்றது. டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டோம். தூங்குகிறாள்.

அரை மணி கழித்து நிர்வாக அலுவலகத்திலிருந்தும் போன் வந்தது. இதோடு நான்காவது முறை. "மேடம், உங்க ஃபைல்ல அந்த சைன் ஒண்ணுதான் பாக்கி."

இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.