குத்திய காதுக்கு ஒரு காதுகுத்து

1936 பிப்ரவரி 3, திங்கள். பெரியகுளம்.

வக்கீல் ஐயா இன்று மூன்று வாய்தாவுக்கும் என்னையே அலையவிட்டார். தையல் பிரித்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. கோர்ட்டு வராந்தாவில் உட்காரும்போது அடிவயிறு சுண்டி இழுத்தது. "குடலிறக்க ஆபரேசன்தானப்பா, அதுக்கு இம்புட்டு முகம் சுளிக்கிறே" என்றார். குடலிறக்கம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த நோட்டில் உண்மையை எழுதலாம். மதுரை ஆஸ்பத்திரியில் இடது விதையை எடுத்துவிட்டார்கள். அதில் புற்று. இருபத்துநாலு வயது, கல்யாணம் ஆகாதவன், வந்ததும் வந்தது அந்த இடத்திலா வரவேண்டும்? டாக்டர் சீட்டு எழுதித் தந்தார். பங்குனி முடிவதற்குள் சென்னைக்குப் போய், ஆறு வாரம் தங்கி, எக்ஸ்ரே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். செய்துகொண்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் வயிற்றுக்குள் ஏறிவிடுமாம். சாப்பாடு, தங்கல், வைத்தியம் எல்லாம் சேர்த்து முன்னூறு ரூபாய். என் சம்பளம் பதினைந்து.

பிப்ரவரி 5

வக்கீல் ஐயாவிடம் முன்பணம் கேட்டேன். எதற்கு என்றார். கேஸ்கட்டை அடுக்கத் தொடங்கினேன். "காரணம் காட்டாத மனு தள்ளுபடி" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். இவரிடம் ஆறு வருசம் குமாஸ்தா வேலை!

பிப்ரவரி 9, ஞாயிறு

உத்தமபாளையத்திலிருந்து அக்காள் பாண்டியம்மாள் வந்தாள். மகள் சந்தனத்துக்கு மாசி இருபத்தைந்தில் காதுகுத்தாம். நான் தாய்மாமன், என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டுமாம்.

போன வருசமே குத்தியாயிற்றே! அக்காளின் மாமனார் செத்த வருசம், துட்டி வீடு என்று விருந்து வைக்காமல், ஆசாரியை மட்டும் அழைத்து, இதே மடியில் வைத்துக் குத்தினோம். கேட்டேன்.

"அது தூந்து போச்சு தம்பி." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சீர் என்ன செய்யணும்?"

"சீரெல்லாம் எதுக்கு? ஒரு பாவாடை எடுத்தாப் போதும்."

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தம்பியிடம் சீரை விட்டுக்கொடுக்கும் அக்காளை இந்தச் சீமையில் நான் கண்டதில்லை. பொய்ச்சாட்சி சொல்கிறவன்தான் இப்படிக் கேட்காமலே இறங்கி வருவான்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அம்மா இருபது வருசமாகச் சொந்தக்காரர் விசேஷத்துக்கெல்லாம் மொய் செய்து வைத்திருக்கிறாள். அத்தனையும் என் கல்யாணத்தில் திரும்ப வரவேண்டியது. எனக்குக் கல்யாணமே நடக்காது என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டால்? அதைத் தங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

ஆனால் எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவர் அக்காள் புருசன், மச்சான் ராக்கையா. கம்பவுண்டரோடு வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்று பேசினார். நான் கேட்டபோது "சும்மா ஊர்க்கதை" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு. தேவதானப்பட்டி.

அம்மாவைப் பார்க்க வந்தேன். மச்சான் போன வாரம் இங்கே வந்து போயிருக்கிறார்.

"நாம யார் யாருக்கு மொய் செஞ்சிருக்கோம்னு கேட்டாக. நெனவு இருந்ததச் சொன்னேன்."

"எதுக்குன்னு நீ கேக்கலையா ஆத்தா?"

"இதென்ன கேள்வி? விசேசத்துக்குத்தேன்."

நினைத்தது சரியாகப் போயிற்று. நான் இன்னும் சாகவில்லையே, அதற்குள் பங்கு பிரிக்கிறார்கள்.

பிப்ரவரி 22

கேஸ் விஷயமாகக் கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்கத் தேனிச் சந்தைக்குப் போனேன். மாட்டு யாவாரிகள் நிற்கிற பக்கம் மச்சானும் ராயப்பன்பட்டி அந்தோணிமுத்து வாத்தியாரும். தரகர்கள் ரகசியமாக விலை பேசுவதுபோல், துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரல் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வாத்தியார் கையை உருவிக்கொண்டார்.

"என்ன மச்சான் பேச்சு?"

"மாட்டு வெலைதேன் மாப்ளே."

பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு எதற்கு மாடு? சாக்பீசா இழுக்கப்போகிறது?

"விசேசத்தன்னைக்கு மொய் நான்தானே எழுதணும்?" என்றேன். ஆறு வருசமாக இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் மொய் எழுதுகிறவன் நான்.

"மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி எழுதுவே? வாத்தியார் எழுதுவாக."

அசலூர்க்காரர் எழுதுவாராம். நான் கண்ணில் பார்க்கக்கூடாத நோட்டு. வக்கீல் ஐயா கையிலிருந்தால் இந்த ஒரு சங்கதியை வைத்தே கேஸை முடித்திருப்பார்.

மார்ச் 1

இடுப்பில் வலி. புதுசா, பழசா? விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன். தெரியவில்லை.

மார்ச் 4

பாவாடை எடுத்தேன். சிவப்பு. பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்?

மார்ச் 8, ஞாயிறு. உத்தமபாளையம்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

கோயில் முன்னால் பந்தல். சந்தனத்தை மடியில் வைத்தார்கள். சரியாக இடது பக்கம் உட்கார்ந்தது. உயிர் போய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆசாரி குனிந்தார். நான் பிள்ளையின் காதைப் பார்த்தேன். துளை தூரவே இல்லை. வேப்பங்குச்சி செருகி வைத்திருக்கிறார்கள்! ஆசாரி குச்சியை உருவிவிட்டு வளையத்தை மாட்டினார்.

"மாமா, வலிக்கவே இல்ல" என்றது பிள்ளை, ஊருக்கே கேட்கும்படி. அக்காள் சட்டென்று அதன் தொடையில் கிள்ளினாள். அப்புறம்தான் அழுதது.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அதே நேரம் பந்தல் வாசலில் வாத்தியார் மொய்யைக் கூவ ஆரம்பித்தார்.

"தேவதானப்பட்டி அம்மாவாசி, மூணு ரூவா, தவசி பேருக்கு!"

என் பேருக்கு. அடுத்தவர், என் பேருக்கு. அதற்கடுத்தவரும். காதுகுத்து ராக்கையா வீட்டில், வாங்குகிற கை ராக்கையா கை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன் மட்டும் என் தலையில்! நான் கண்ணை மூடினால் அத்தனையும் அம்மா தலையில் விடியும். ஐயோ, எவ்வளவு சுத்தமான மோசடி!

பிள்ளையை இறக்கிவிட்டு நேரே போய் நோட்டின் மேல் கையை வைத்தேன். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எம் பேருல கடன எழுதிட்டு காச நீங்க முடிஞ்சுக்கிறீகளோ? நான் செத்தா எங்காத்தா பிச்சையெடுத்து அடைக்கட்டும்னா?" என்று கத்தினேன். அக்காளையும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

மச்சான் என் தோளைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால், மாடு கட்டியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மடியிலிருந்த மஞ்சப்பையை எடுத்து என் கையில் திணித்தார்.

"வெளியூரு ஆளுக முன்கூட்டியே குடுத்ததும் இதுலதேன் இருக்கு. ஒங்காத்தாகிட்ட மொய்க் கணக்குக் கேட்டதும், சந்தையில வாத்தியாரோட வெரல் பிடிச்சதும் இந்தத் துட்டச் சேக்கத்தேன். இப்ப வர்றதையும் சேத்தா முன்னூறுக்கு மேல தேறும். சனிக்கெழம தேனியில ரயிலேறு."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

"கம்பவுண்டரு அன்னைக்கே எல்லாஞ் சொல்லிட்டாரு. நீ கொடலெறக்கம்னே. சரி, கொடலெறக்கமாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். துட்டு இந்தான்னு நீட்டுனா நீ வாங்குவியா? ரோசக்காரப் பய. ஊருல போயி இன்ன நோவுன்னு சொல்லிக் கேக்கவும் முடியாது. அதேன் எம்மவ காத விட்டா வேற வழி தெரியல."

"மச்சான், எம் பேருக்கு எதுக்கு..."

"ஏலே, சாகப்போறவன் பேருக்கு எவனாச்சும் மொய் எழுதுவானா? திருப்பிச் செய்யிறவன் பேருக்குத்தேன் எழுதுவான். இன்னைக்கு இத்தனை பேரு எழுதியிருக்காக. அத்தனை பேரு வீட்டுக்கும் நீதேன் போகணும், நீதேன் செய்யணும். செய்யாம எங்கிட்டுப் போயிருவே?"

மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது அசைபோட்டபடி நின்றது.

மார்ச் 9

வெட்கம். பொய்ச்சாட்சியைக் கண்டுபிடிக்கிற கண் என்று பீற்றிக்கொண்டவன் நான். அக்காள் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். காலில் விழலாமா? அவளே பேசினாள்.

"நீ கத்துனதும் நல்லதுக்குத்தேன். அக்கா தம்பிக்கு மொய்ச் சண்டைன்னு பேசிக்கிட்டுப் போறாக. இனி ஒருத்தருக்கும் வேற சந்தேகம் வராது."

"நான் சொன்ன வார்த்தை..."

"அந்த அண்டாவ ஒரு பக்கம் பிடி."

மார்ச் 14, சனி

ரயில் புறப்படும்போது அக்காள் என் பெட்டிக்குள் எதையோ ஒளித்து வைத்தாள். என்னவோ ஏதோ என்று ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் திறந்து பார்த்துவிட்டேன். எள்ளுருண்டை.

ஏப்ரல் 19. சென்னை.

வாந்தி. வயிற்றுத் தோல் கறுத்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், என் வயசு, எனக்கு வந்த அதே நோவு. பாதி வைத்தியத்தில் பணம் தீர்ந்து ஊருக்குப் போகிறான். அவனுக்கு என்ன ஊர் என்று கேட்காமல் விட்டேனே.

1938 ஜூன் 5, ஞாயிறு. தேவதானப்பட்டி.

அம்மாவாசி வீட்டுக் கல்யாணம். மூன்று ரூபாய்க்கு நான்காகச் செய்தேன். இன்னும் பாதிப் பேருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. வக்கீல் ஐயா சம்பளத்தை உயர்த்துகிற வழியாகத் தெரியவில்லை.

பந்தலில் வண்டிக்காரக் கர்ணனைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. காலை அகட்டி அகட்டி நடக்கிறான். மாடு உதைத்துவிட்டதாம். உதைபட்டவன் அந்த இடத்தைத் தடவுவான். இவன் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிறான். தனியே கூட்டிக்கொண்டு போய் என் கதையைச் சொன்னேன். முதலில் அடிக்க வந்தான். அப்புறம் அழுதான். நாளை மறுநாள் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மேற்கொண்டு செலவு இருக்குமே என்று மச்சானிடம் சொன்னேன். இருவரும் கர்ணனின் அக்காளைப் பார்த்தோம். அவள் மகனுக்கு ஆடியிலேயே முடி இறக்கப்போகிறோம் என்று அங்கேயே பேசி முடித்தாயிற்று. போன தை மாதம்தான் மொட்டை போட்ட பயல்.

"இப்பத்தேன எறக்குனோம்? எதுக்கு மறுபடி?" என்று கர்ணன் கேட்டான். அவன் அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொய் யார் எழுதுவது என்றும் கேட்டான். நான்தான் என்றேன்.

திருட்டுப் பயலைப் பார்ப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்க்கட்டும்.