நுரையை வழிக்கும் வரி

ஜூலை 9, புதன்

ஆங்கிலத்தில் செய்முறை எழுதும் வகுப்பில், எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. இன்னொருவர் அதைப் படித்துச் செய்ய வேண்டும். நான் எழுதியது, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் ஆக்குவது. செய்தவள் குளச்சல் கடற்கரைக்காரி ஜெனிஃபர். போன வாரம் அவள் பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் கலந்து, மேலே எழுந்த நுரையோடு அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் ஷீட் முழுக்கக் குமிழி.

“ஏட்டி, நுரைய வழிக்கண்டாமா?” என்று கத்தினேன்.

“நீ எழுதலியே மக்கா,” என்றாள்.

ரப்பர் எஸ்டேட் ஊரான எங்கள் கீரிப்பாறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் எனக்கு எழுதத் தோன்றவே இல்லை.

இன்று, அம்மா செய்வதை நினைத்துப் பார்த்து, நுரையை எப்படி வழிப்பது என்று ஒரு வரி சேர்த்த தாளைக் கொடுத்தேன். ஆசிட் கலந்ததும் நின்றாள், படித்தாள். வழிக்கும் தகரத் துண்டைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து தன் பக்கமாக ஒரே இழுப்பில் நுரையை வழித்தாள். அது அப்படியே, எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டும் என் அம்மா நுரை வழிக்கும் கை.

ஜெனிஃபர் அம்மாவைப் பார்த்ததே இல்லை.