கட்சியில்லாதவனுக்கு ஒரு ஓட்டு

தூத்துக்குடி
20-10-1945

கர்த்தருக்குள் பிரியமான இஞ்ஞாசிக்கு,

டெல்லி சட்டசபைக்கு என் பெயரை நீ முன்மொழிந்தாயே, மனு ஏற்கப்பட்டுவிட்டது. சுயேச்சைதானே என்று கோர்ட்டில் மற்ற வக்கீல்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அளவுக்கு மீறி மூட்டை ஏற்றிய தோணி கவிழ்ந்து துறைமுகக் கூலிகள் செத்தார்கள். அந்தத் தோணி முதலாளியையே கட்சி நிறுத்தியிருக்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பேன்? செத்தவர்களின் வீட்டாருக்கு ஓட்டில்லை. நிலவரி கட்டுகிற உனக்கு உண்டு.

பிலோமினா மதினியையும் உன் தம்பி சந்தியாகுவையும் கேட்டதாகச் சொல்.

உன் பள்ளித் தோழன்,
கிருபாநிதி

சேசு மரி சூசை துணை

பெரியதாழை
4-11-1945

அன்புள்ள கிருபைக்கு,

இங்கே சுகமில்லை. நேற்று ஊர்க்கூட்டத்தில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். “ஏலே இஞ்ஞாசி, நம்ம கருவாட்ட வாங்குத முதலாளிய எதுத்து நாசரேத்து ஊர்க்கார வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டியாம்லா? அவன வெலகச் சொல்லு. இல்லன்னா ஒன் வள்ளத்துல ஒருத்தனும் ஏறமாட்டான்.”

சந்தியாகு எழுந்து, “நானும் அண்ணனும் போதும்லே!” என்று கத்திவிட்டான். வாடைக்காற்றுக் கடலில் இரண்டு பேர் போதாது. பிலோமினா அழுதபடி இருக்கிறாள். விலகிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறதாமே? கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

இஞ்ஞாசி

தூத்துக்குடி
8-11-1945

பிரியமான இஞ்ஞாசிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நான் விலகினால் முதலாளி போட்டியே இல்லாமல் டெல்லிக்குப் போய்விடுவார். அப்புறம் அந்தச் சாவுகளைப் பற்றி யார் பேசுவது? பொறுத்துக்கொள். தேர்தல் முடிந்தால் ஊரார் மறந்துவிடுவார்கள். அதுவரை கடலுக்குப் போகாமல் இரு.

கிருபாநிதி

பெரியதாழை
12-12-1945

கிருபாநிதிக்கு,

கடலுக்குப் போகாமல் இரு என்று எழுதினாய். அடுப்பு எரிய வேண்டாமா? நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். திரும்பும்போது கரையடி அலையில் வள்ளம் புரண்டது. எனக்கு ஒரு பலகை கிடைத்தது. சந்தியாகு மறுநாள் உவரிப் பக்கம் ஒதுங்கினான். சவப்பெட்டி தூக்க மட்டும் ஊரார் வந்தார்கள்.

நேற்று சாத்தான்குளம் போய் ஓட்டுப் போட்டேன். வாசலில் முதலாளியின் ஆள் ஒருவன், “தம்பிய முழுங்குனவனுக்கா போடப்போற?” என்றான். நான் உள்ளே போனேன். உன் பெயருக்கு நேரேதான் குறி போட்டேன். தோணியில் செத்தவர்களுக்காகப் போட்டது அது. உனக்காக இல்லை.

துக்கம் கேட்க வராதே. பிலோமினா உன் முகத்தில் விழிக்க மாட்டாள். நானும்தான்.

இஞ்ஞாசி