கார் நுழையாத கார் ஷெட்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் கார் ஷெட்டும் நலம், இன்னும் ஒரு செங்கல் கூட வைக்கவில்லை என்றாலும் வீட்டில் இப்போது அதற்குத்தான் முதல் மரியாதை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் பேருந்துகளைப் பழுது பார்த்தவர் ஓய்வு பெற்றால் சும்மா இருப்பாரா, வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கார் ஷெட் கட்டப் போகிறாராம். நம்மிடம் இருப்பது ஒரு சின்னக் கார், அதுவும் அதற்கு மனசு வந்தால்தான் கிளம்பும். அதற்கு முப்பதடி நீளம், இருபத்துநான்கடி அகலம், பன்னிரண்டடி உயரத்தில் கதவு, கீழே இறங்கி நின்று வேலை பார்க்க ஒரு குழி. கதவு எதற்கு அவ்வளவு உயரம் என்று கேட்டேன், வண்டின்னா மேலே சாமான் ஏத்த மாட்டோமா என்றார். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை, கேட்டால் ஒரு பேருந்தையே வாங்கி நிறுத்திவிடுவார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம், மூன்று வாரமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன், ராஜபோகம். பின்பக்கம் சுண்ணாம்புத் தூளால் கோடு வேறு போட்டாயிற்று. துணி உலர்த்தப் போனால் கதவு வரப்போகும் இடம் வழியாகத்தான் போக வேண்டுமாம், வேறு பக்கம் காலை வைத்தால் சுவருக்குள் நடக்கிறேனாம்.

போன செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்தார். பாவம், எல்லா வரைபடத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சார், கார் எந்த வழியா பின்னாடி போகும் என்று. அவ்வளவுதான். பின்னால் போக இருப்பது அந்தப் பக்கவாட்டுச் சந்து மட்டும், அகலம் ஐந்தடி, நம் காருக்குக் கண்ணாடிகளோடு ஆறடி. பணிமனை வாசலில் இரண்டு பேருந்து சேர்ந்தாற்போல் நுழையும், அதனால் வாசலை அளக்கும் பழக்கமே உன் அப்பாவுக்கு இல்லை. குழிக்குப் படி எத்தனை என்பது வரை கணக்குப் போட்டவரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன், திட்டாதே. எனக்கு முதல் நாளே தெரியும். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அந்தச் சந்தில் போய்வருகிறவளுக்கு அதன் அகலம் தெரியாதா. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சீட்டியடித்தபடி நடந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கைமேல் பலன். சந்தின் அகலத்தைக் கூட்ட, அதை ஒட்டியிருக்கும் உன் அறையை இடித்துவிடலாமாம், அங்கே யாரும் படுக்கறதில்லையே என்கிறார். உன் கட்டில், புத்தக அலமாரி, பல்லி வருகிறது என்று நீ காகிதம் அடைத்த ஜன்னல் ஓட்டை, எல்லாம் காருக்கு வழிவிட வேண்டும். மதியம் அவர் கடைக்குப் போகும் நேரத்தில் நான் அந்தக் கட்டிலில்தான் கொஞ்சம் கண்ணயர்கிறேன், அது அவருக்குத் தெரியாது. எனக்கு அந்த அறை வேண்டும். ஆனால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாதவள் இப்போது எந்த முகத்தோடு தடுப்பது?

நேற்று புது வழிக்குக் கோடு போடக் கிளம்பினார். தெருக் கேட்டிலிருந்து நேராக வந்த கோடு உன் அறைச் சுவரோடு நின்றுவிட்டது, உள்ளே தரையில் தொடர வேண்டியதுதான் பாக்கி. ஏன் நிறுத்திட்டீங்க என்றேன், சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு என்றார். குளியலறைக்குப் பின்னால் அரை மூட்டை இருக்கிறது. அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியதும் அவர்தான், நான் பார்த்தேன்.

ஆகவே நீ அவருக்கு நாலு வரி எழுது. என் அறையை இடிக்காதீர்கள், நான் வந்தால் எங்கே தங்குவது என்று, நீயாகவே கேட்பது போல. யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் அவரும் காத்திருக்கிறார். விடுமுறையில் ஒரு பத்து நாள் வந்து அந்தக் கட்டிலில் படுத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. பின்னால் அவர் ஒரு சின்னப் பட்டறை கட்டிக்கொள்ளட்டும், கார் தெருவில் நிற்கட்டும், அதற்கு அது பழகிப்போன இடம்தான்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. படித்ததும் இதைக் கிழித்துப் போட மறக்காதே.

தார்ப்பாய்க்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்
உன் அம்மா