துணி மூடிய பலகை

2-6-97, திங்கள்

காலையிலிருந்து காற்று. தென்னை மட்டை விழுந்து கொல்லைப்புற ஓடு இரண்டு உடைந்தது. ஆள் சொல்ல வேண்டும்.

பள்ளி திறந்தாயிற்று. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு! இனி எட்டோடு எந்தப் பெண்ணும் நிற்க வேண்டாம். வெள்ளிக்கிழமை புதுக் கட்டடத் திறப்பு. ரோசலின் இருந்திருந்தால் இந்நேரம் காலனி முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பாள். பதினெட்டு வருடம் பக்கத்து வகுப்பு, ஒரே டிபன் பாக்ஸ். போன ஆடியில் போய்விட்டாள்.

அண்ணன் போன். சட்டசபைக் கூட்டம் முடிந்து ஊர் வந்துவிட்டாராம். “பள்ளிக்கூடத்துப் பேருக்கு ஆர்டர் வந்துருச்சு அம்மணி. பலகை எழுதக் குடுத்துட்டேன்.”

மகராசனாக இருக்கட்டும். எம்.எல்.ஏ. ஆனாலும் சொன்ன சொல் மறக்கவில்லை.

4-6, புதன்

வேலைகள்: கோலப்பொடி. மைக் செட். ஒன்பதாம் வகுப்புக்கு பெஞ்ச் (இன்னும் வரவில்லை). ரோசலின் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்குச் சொல்ல.

சாயங்காலம் அவர் தையல் கடைக்கே போனேன். மனைவி பெயரில் பள்ளிக்கூடம் என்றதும் மிஷினை நிறுத்திவிட்டார்.

“நெசமாங்க டீச்சர்?”

“எங்க அண்ணன் கையடிச்சுக் குடுத்திருக்காருங்க.”

ஹெச்.எம். மட்டும் முன்பே கேட்டார், பெயர் விஷயத்தைத் தானப் பத்திரத்தில் எழுதினீர்களா என்று. நிபந்தனை போட்டால் கல்வி ஆபீசில் இழுத்தடிப்பார்கள், வெறுமனே எழுதிக் கொடு, பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அண்ணன். புதுக் கட்டடம் நிற்கும் நிலம் என் சீதனக் காடு. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அண்ணன் கல்யாணத்தில், கூடப் பிறந்தவளுக்கே உரிய இணைச்சீர்ச் சடங்குக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். கூடப் பிறந்தவரிடம் எழுதி வாங்குவார்களா?

6-6, வெள்ளி

துணியை விலக்கினார்கள். அப்பா பெயர்.

கை தட்டினார்கள். நானும் தட்டினேன் போலிருக்கிறது.

தேவசகாயம் முன்வரிசையில், வெள்ளைச் சட்டை, மடியில் ரோசலின் போட்டோ. பலகைக்குக் கீழே மாட்ட நான்தான் கொண்டுவரச் சொன்னேன். போட்டோவைத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கேட்டுவரை ஓடினேன்.

“எனக்குத் தெரியாதுங்க.”

“பரவால்லைங்க டீச்சர். உங்க ஊட்டுக் காடு.”

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

பந்தியில் யாரோ: “கொடுத்து வெச்சவங்க. அப்பன் பேர நிலைநாட்டிப் போட்டாங்க.”

பாயசம் தீய்ந்திருந்தது.

7-6, சனி

தலைவலி. ஓடு மாற்ற ஆள் வரவில்லை. தேவசகாயம் கடை பூட்டியிருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

8-6, ஞாயிறு

அண்ணன் வந்தார், அண்ணியோடு. தட்டில் சேலை, பழம், பூ. நான் தட்டைத் தொடவில்லை.

“ஏனுங்ணா இப்பிடிப் பண்ணுனீங்க?”

“ஊர்க்காரங்க ஒத்துக்கலை. அந்தப் பேர வெச்சா எங்க புள்ளைகளை அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. நான் அடுத்த எலெக்சனையும் பாக்கோணுமல்லொ?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை?”

“சொன்னா நீ காட்டைக் குடுத்திருப்பியா அம்மணி?”

அப்படியென்றால் கையடித்த அன்றே தெரியும். அன்றே!

அண்ணி இடையில் வந்தார். “பெத்த அப்பா பேருதானுங்களே, கசக்குதுங்களா?”

கசக்கத்தான் செய்கிறது. ரோசலின் முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்று அப்பா வாசலைத் தாண்ட விடவில்லை. தண்ணீர் கேட்டாள். கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினார். என்னோடு ஒரே பதிவேட்டில் கையெழுத்துப் போடும் டீச்சர், குனிந்து குடித்தாள். அண்ணனும் அங்கேதான் நின்றார். அதைச் சொன்னேன்.

“பழசைக் கிண்டாத” என்றார். சேலையை விட்டுவிட்டுப் போனார்கள். கார் கிளம்புவதற்குள் தட்டோடு கொண்டுபோய்ப் பின்சீட்டில் வைத்தேன். பிறந்த வீட்டுச் சேலையைத் திருப்பிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருப்பேன். அண்ணி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் ஆத்திரம்.

9-6, திங்கள்

பெஞ்ச் வந்தது, பாதி. ஒன்பதாம் வகுப்பில் காலனிப் பெண்கள் ஆறு பேர். ரோசலின் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்குக் கூட்டி வந்த பிள்ளைகள்.

ப்ரேயர் முடிந்ததும் ஒருத்தி பலகையை எழுத்துக்கூட்டாமல் படித்தாள்.

“இவுரு யாருங்க டீச்சர்?”

“எங்க அப்பா.”

“நல்லவருங்களா?”

ஹெச்.எம். என்னையே பார்த்தார்.

“உங்க தாத்தா எங்க காட்டுலதான் வேலை செஞ்சாரு கண்ணு. அவரைக் கேளு. கேட்டுட்டு வந்து நாளைக்கு க்ளாஸ்ல எல்லாருக்கும் சொல்லு.”