பெரியப்பாவுக்குப் பூப்பல்லக்கு

11.11.98, புதன்

காலையிலிருந்து தூறல். இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாற்ற மாட்டேன்.

மதியம் பெரியப்பா இறந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தாலுகா ஆபீசில் டபேதார், தாசில்தார் அறை வாசலில் நிற்கும் வேலை. ரிட்டையர் ஆனதிலிருந்து எங்களோடுதான், முன்ரூம் கட்டிலில். நான் ஸ்கூல் விட்டு வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள். அழுகை வரவில்லை. நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

ஐஸ் பெட்டி வந்தது. முன்பெல்லாம் ஐஸ் பாளம் வாங்கி அடுக்குவார்களாம். இப்போது பெட்டிக்கு வாடகை, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்குத் தனி. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

12.11.98, வியாழன்

மழை இல்லை. பல்லக்குக்காரர் ஏழுமலை காலையிலேயே வந்துவிட்டார். பேரம் பேசியது அம்மா. அப்பா நாற்காலியில் குனிந்தபடி. பூ விலை, விறகு விலை, மேளக்காரர் கூலி, எல்லாம் போன வருஷம் மாதிரி இல்லையாம். அம்மா விடவில்லை. சாதாரண வண்டி போதும், மேளம் ஒரு செட் போதும். ஏழுமலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் காபி கொண்டு போனேன். பென்ஷன்காரர் சங்கத்து நோட்டீஸ்களை பெரியப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். "கவலைப்படாதம்மா, பென்ஷன்காரங்க இறந்தா குடும்பத்துக்கு கவர்மென்ட் நிதி வரும். அடக்கச் செலவுக்கு முன்னாடியே கொஞ்சம் தருவாங்க" என்றேன். சத்தமாக. அம்மாவுக்காக மட்டும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கிறது என்று தெரு நினைக்க வேண்டும் என்றும்.

ஏழுமலை சிரித்தார். "பாப்பாவே சொல்லிச்சு பாரு. கவர்மென்ட் குடுக்குது, நீ இன்னாம்மா காய்கறி கணக்கா பேரம் பேசிகினு கீற. ஆபீசர் வாசல்ல நின்ன மனுசன், ஜம்முனு போவ வாணாமா?"

அதற்குமேல் அம்மாவால் பேரம் பேச முடியவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பூப்பல்லக்கு. மேளம் இரண்டு செட். வெடி.

அம்மா உள்ளே போய்த் திரும்பி வந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். செயின் எதிர்வீட்டு அக்காவோடு தாம்பரம் சேட்டுக் கடைக்கு, அடகு வைக்க.

15.11.98, ஞாயிறு

வெயில். நேற்று சுடுகாட்டில் பால் தெளித்தாயிற்று.

பதினோரு மணிக்கு சங்கச் செயலாளர் தேவசகாயம் சார், பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்திலிருந்து சைக்கிளில். கேட்பதற்கு முன்பே நாற்காலி போட்டேன். ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம், பேனா எல்லாம் எடுத்துவைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. மாசாமாசம் பணம் பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதித்துச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த நிதியாம். முன்னாலேயே ரிட்டையர் ஆனவர்கள் விருப்பப்பட்டால் சேரலாம். பெரியப்பாவை இவரே இரண்டு தடவை கேட்டிருக்கிறார். சேரவில்லை.

"ஏன் சார்?" என்றாள் அம்மா.

சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "'எனக்கு ஏது சார் குடும்பம்'னார். சிரிச்சிக்கிட்டேதாம்மா சொன்னார்."

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினார். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அம்மா செயினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

பெரியப்பா எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிடுவார். எங்களில் யாராவது அப்படிச் சாப்பிடச் சொன்னோமா? ஞாபகம் இல்லை. ரேடியோவைக் குறைக்கச் சொன்னது நான். பஸ் ஸ்டாப்புக்கு அழைக்க வருவார், என் சிநேகிதிகள் போகும்வரை பெட்டிக்கடைக்குப் பின்னால் நில்லுங்கள் என்று சொன்னதும் நான்தான். நின்றார். மழையிலும்.

மத்தியானம் ரசம், அப்பளம்.

நாளை ஸ்கூல். லீவ் லெட்டர் எழுதி அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். 'எங்கள் உறவினர் ஒருவர் இறந்துவிட்டபடியால்' என்று. யோசித்து எழுதவில்லை, தானாக வந்தது. அப்பா படித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

"உறவினரா?" என்றார். கோபமே இல்லை.

வேறு தாள் கிழித்தேன். 'என் பெரியப்பா' என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வெளிச்சம் வந்ததும் முடிக்கலாம் என்கிறாள் அம்மா. லைட்டை அணைக்கப் போகிறார்கள்.